தலைமாட்டு மருந்து

செல்வராணிக்குப் பாம்பைக் கண்டால் பயம் கிடையாது. பாம்பு கடித்தவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியின் ஹாரனைக் கேட்டால்தான் பயம். கல்யாண வண்டியும் ஹாரன் அடிக்கும், மண் லாரியும் அடிக்கும். ஆனால் விடாமல் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருகிற ஹாரன் வேறு. இருபத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டும் அந்தப் பயம் போகவில்லை.

ஆவாரங்கொல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பார்மசிஸ்ட். பிறந்தது கறம்பக்குடி. புருஷன் நாகராசு இரண்டு ஏக்கரில் கடலையும் நெல்லும் போடுகிறவர். செருப்பு வாங்கிக் கொடுத்தால் வரப்போரம் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குகிற ஆள். "மண்ணுல கால் படணும்டி" என்பார். அந்தக் காலை நினைத்து அவள் எத்தனை நாள் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடி வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

இந்தப் பயத்துக்கு ஒரு பேர் உண்டு. சந்தனமேரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் முல்லைக்கொல்லையில் பூ எடுத்துக்கொண்டிருந்தவளை விடிகாலையில் நல்ல பாம்பு கையில் போட்டுவிட்டது. டிவிஎஸ் வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். செல்வராணி அலமாரியைத் திறந்தாள். விஷமுறிவு மருந்து ஒரு குப்பிகூட இல்லை. கேட்டு எழுதி மூன்று வாரம் ஆகியும் மேலேயிருந்து வரவில்லை. சந்தனமேரிக்கு இமை இரண்டும் தானாக இறங்க ஆரம்பித்தன. அவள் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கண்ணு நிக்க மாட்டேங்குதுங்க, என்னான்னு பாருங்க" என்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வண்டியிலேயே மூச்சு நின்றுபோனது.

அன்றைக்குப் பிறகு செல்வராணி, மற்றவர்கள் செய்துகொண்டிருந்ததைத் தானும் செய்ய ஆரம்பித்தாள்.

அந்த வட்டாரத்துப் பார்மசிஸ்டுகள் அதைத் 'தலைமாட்டு மருந்து' என்பார்கள். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதற்கான மருந்து என்று அர்த்தம். நோயாளிக்கு எட்டுக் குப்பி ஏற்றினால் பதிவேட்டில் பத்து என்று எழுதுவது. மிஞ்சிய இரண்டையும் யார் கண்ணிலும் படாத இடத்தில் வைப்பது. விற்கிற எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. அப்படி யாராவது செய்தால் மற்றவர்களே காறித் துப்பியிருப்பார்கள். என் வாசலில் ஒருத்தர் வந்து விழுகிறபோது என் கை வெறுங்கையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நல்லவர்கள் செய்கிற திருட்டு என்பதால் யாருக்கும் உறுத்தவும் இல்லை. செல்வராணியின் தலைமாட்டு மருந்து, 'பழுது' என்று எழுதி ஒட்டிய ஆவி பிடிக்கிற மிஷினின் அட்டைப்பெட்டிக்குள், அலமாரிக்கு மேல் இருந்தது. பன்னிரண்டு குப்பி. தேதி முடியப்போவதை எடுத்து ஏற்றிவிட்டு, புதுசை உள்ளே வைத்துவிடுவாள். பதினோரு வருஷமாகப் பன்னிரண்டு குறைந்ததே இல்லை.

போன வருஷம் ஆவணியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ராஜலட்சுமி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மருந்து வழங்கலைக் கவனிக்கிற அதிகாரி. கோபக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். மருந்து கிடங்கிலிருந்து கிராமம் வரைக்கும் வருகிற வழியில் எல்லோரும் ஒருத்தரோடு ஒருத்தர் ஒத்துப்போய் வேலை செய்வது எப்படி என்று வட்டாரத்துப் பார்மசிஸ்டுகள் பன்னிரண்டு பேருக்கு ஒருநாள் வகுப்பு எடுக்க வேண்டும் என்றார். கையில் இங்கிலீஷில் நாற்பது பக்கம் கொடுத்தார். அம்புக்குறியும் வட்டமுமாக இருந்தது.

"எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"நீங்க சொன்னா கேப்பாங்கம்மா. நான் சொன்னா தலையத் தலைய ஆட்டிட்டுப் போயி பழையபடியேதான் செய்வாங்க."

நாற்பது பக்கத்தையும் செல்வராணி இரண்டு ராத்திரி படித்தாள். விஷயம் பிடிபட்டதும் பேப்பரை மூடி வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து இரண்டு படி புளியங்கொட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டாள். கிராமம், நிலையம், வட்டாரம், கிடங்கு. புளியங்கொட்டைதான் மருந்து. பேசக்கூடாது. வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பின்னால் இருக்கிறவருக்குக் கொடுக்கலாம். கேட்ட சரக்கு இரண்டு சுற்றுக் கழித்துத்தான் வரும். கிராமம் சுற்றுக்கு நாலு கொட்டை கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாவது சுற்றில் எட்டாக்கச் சொன்னாள். அதற்கப்புறம் எட்டிலேயே நிறுத்தினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த ஒரே ஒரு மாற்றத்துக்கு மற்ற மூன்று பேரும் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. சரக்கு வரவில்லையே என்று நிலையம் பதினாறு கேட்டது. நிலையம் அலறுகிறதே என்று வட்டாரம் முப்பது கேட்டது. கடைசியில் கிடங்கு நாற்காலியில் இருந்த, பக்கத்து நிலையத்துப் பிரசாந்த் மடியிலும் சட்டைப்பையிலும் கொட்டையை நிரப்பிக்கொண்டு முழித்தான். கிராமத்தின் கையில் ஒன்றுமில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றாள் செல்வராணி. "எட்டு வேணும். எட்டு கேட்டா நாலுதான் வரும்னு பதினாறு எழுதுறோம். இவங்க கூட்டித்தான் கேப்பாங்கன்னு மேல பாதியா வெட்டுறாங்க. அடுத்த வாட்டி நாம முப்பது எழுதுறோம். எது நெசம்னு நமக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல. கொட்டை குறைஞ்சா போச்சு? எல்லாம் இந்த ரூமுக்குள்ளதான கெடக்கு? பயந்து பயந்து நாமளே பஞ்சத்த உண்டாக்கிட்டு, பஞ்சம் வந்துருச்சுன்னு பயப்படுறோம்."

கைத்தட்டினார்கள். அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றே சொல்ல வேண்டும். அந்தச் சூட்டில், "சரி, தலைமாட்டு மருந்து வச்சிருக்கவங்க கையத் தூக்குங்க" என்றாள். ஒரு கையும் எழும்பவில்லை. அவள் கையும் எழும்பவில்லை. அவளைக் கேட்பார் யார், அவள்தானே டீச்சர்.

அன்றைக்கே மேடத்தையும் சேர்த்து வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். தினமும் கையிருப்பு எத்தனை என்று போட வேண்டும், இல்லாதவர்கள் கேட்டால் இருக்கிறவர்கள் கொடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரே ஒருத்தன் மட்டும் வகுப்பை வகுப்பாக எடுத்துக்கொண்டான். மருதங்குண்டு நிலையத்துப் பெலிக்ஸ். கோட்டைப்பட்டினத்துப் பையன், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது, வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம். தன்னிடம் ஒளித்து வைத்திருந்த நாலையும் அலமாரியில் எடுத்து வைத்து, 'கையிருப்பு பத்து' என்று மறுநாளே போட்டான். அதற்கடுத்த வாரம் பிரசாந்த் 'என்னிடம் இல்லை' என்று கேட்க, நாலைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஆறு மிச்சம்.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. வளைகளில் தண்ணீர் புகுந்ததும் பாம்பெல்லாம் வரப்புக்கும் வைக்கோல்போருக்கும் ஏறின. மேலேயிருந்து மருந்து வருவது அந்த மாதம் தட்டுப்பாடு. செல்வராணியின் பதிவேட்டில் சுழியம். அலமாரிக்கு மேலே பன்னிரண்டு.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்குக் குழுவில் பெலிக்ஸின் செய்தி வந்தது.

'கண்ணாடி விரியன் கடி. பொன்னுத்தாய், வயது 38. ஆறு ஏற்றுகிறோம். பத்தாது. யாரிடம் இருந்தாலும் சொல்லுங்கள். அவசரம்.'

செல்வராணி தலையைத் தூக்கி அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். நாகராசு அன்று தண்ணீர் வடிக்க வரப்பை வெட்டிவிடப் போயிருந்தார். வெறுங்கால். முழங்கால் அளவு புல். இதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அரைமணி நேரத்தில் அவரையே தூக்கிக்கொண்டு வந்தால்? அவரை விடு, ஊரில் வேறு யாராவது வந்தால்? 'கண்ணு நிக்க மாட்டேங்குதுங்க' என்ற குரல் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. அதற்குள் குழுவில் ஒவ்வொருவராகப் போட ஆரம்பித்திருந்தார்கள். இல்லை. இல்லை சார். ஸாரி, ஸ்டாக் இல்லை. பிரசாந்தும் இல்லை என்றே போட்டான். எல்லோரிடமும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் கொடுத்துவிடுவார்கள், எல்லோரிடமும்தான் இருக்கிறதே என்று நினைத்தாள்.

பதினொன்று எட்டுக்கு அவளும் போட்டாள். 'இல்லை.'

பிறகு மாத்திரைக்கு நின்ற வரிசையைக் கவனித்தாள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. ஒரு கிழவருக்குக் காலை மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டுத் திருத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நிமிர்த்திப் பார்க்கத் தைரியமில்லை.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அது அடித்தது. பெலிக்ஸ்.

"அக்கா, ஒண்ணும் இல்லக்கா, தகவல் சொல்லத்தான் போட்டேன். 108 வந்துருச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தப் போறோம். தரைப்பாலத்துல தண்ணி ஓடுது, சுத்திப் போனா ஒன்றரை மணி நேரமாவது ஆகும்."

"எப்படி இருக்கு அந்தப் பிள்ளைக்கு?"

"ஈறுல ரத்தம் கசியுதுக்கா. குழாயில எடுத்து வச்ச ரத்தம் இருபது நிமிஷமாகியும் உறையல. டாக்டரு போற வழி தாங்குமான்னு பயப்படுறாரு."

"மத்தவங்களுக்குத் தனித்தனியா போன் போட்டுக் கேட்டியா தம்பி?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீங்க இல்லைன்னு போட்டிருந்தத பாத்தேன். மத்தவங்க இல்லைன்னா நம்பியிருக்க மாட்டேங்க்கா. நீங்களே இல்லைன்னா, நெசமாவே எங்கிட்டும் இல்லைன்னுதான அர்த்தம். அதான் விட்டுட்டேன்."

செல்வராணி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவன் குரலில் குத்தல் துளிகூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஏத்தாத" என்றாள்.

"என்னக்கா?"

"வண்டில ஏத்தாத, பெலிக்ஸு. எங்கிட்ட பன்னெண்டு இருக்கு. நான் வாரேன்."

அந்தப் பக்கம் "சரிங்க்கா" என்று மட்டும் கேட்டது.

முக்காலியைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். நர்ஸிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பதற்கு முன்னால், குழுவில் குரல்செய்தி போட்டாள். அதை இப்போதும் அந்த வட்டாரத்தில் பலர் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே மூச்சு வாங்க வாங்கப் பேசியிருப்பாள். "நான் செல்வராணி பேசுறேன். இல்லைன்னு போட்டது பொய். தலைமாட்டுல பன்னெண்டு வச்சிருக்கேன், பதினோரு வருஷமா. மேடம், நீங்களும் கேளுங்க. இப்ப மருதங்குண்டுக்குக் கொண்டு போறேன். எங்க ஊருல இனிமே ஒண்ணுகூட இல்ல. யாருகிட்ட இருக்கோ, ஆவாரங்கொல்லைக்குக் கொஞ்சம் கொண்டாந்து வச்சிருங்க. கும்புட்டுக் கேக்குறேன். எனக்குப் பயமா இருக்கு." மணி பதினொன்று நாற்பத்தேழு.

பதினாலு கிலோமீட்டர். பெட்டியை முன்னால் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு மழையில் ஸ்கூட்டியை ஓட்டினாள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். தான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் போய்விடுவாள் என்ற பயம் ஒரு பக்கம். அதையெல்லாம்விடப் பெரிய பயம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காலி அலமாரியும் வெறுங்காலும். எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வேன் வந்தது. வண்டியை நிறுத்தி, அது தன் ஊர்ப்பக்கம் போகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பால் வேன். விசும்பிக்கொண்டே மறுபடி முறுக்கினாள்.

மருதங்குண்டில் வாசலிலேயே நின்றிருந்த பெலிக்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த பொன்னுத்தாயின் கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்திருந்தது. கரும்புக்கொல்லையில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தவளாம். டாக்டர் மருந்தைக் கரைத்து ஏற்ற ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் செல்வராணி போனைப் பார்த்தாள். முதலில் பிரசாந்த் 'ஏழு' என்று போட்டிருந்தான். அப்புறம் ஒன்று, நாலு, ஒன்பது. சிலர் எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு மணிக்குள் கூட்டிப் பார்த்தால், ஒன்றுமே இல்லாத அந்த வட்டாரத்தில் அவளுடைய பன்னிரண்டையும் சேர்த்து அறுபத்தொன்பது குப்பி இருந்தது. ஆவாரங்கொல்லை அலமாரியில் பிரசாந்த் ஆறு வைத்துவிட்டுப் போயிருந்தான். நாகராசு சாயங்காலம் சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்து, எதற்கு இவள் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று புரியாமல் நின்றார்.

பொன்னுத்தாய் பிழைத்தாள். சிறுநீரகம் பிழைக்கவில்லை.

மேடம் செல்வராணிக்கு மெமோ கொடுத்தார். சம்பள உயர்வு ஒன்று வெட்டு. "மேல போயி மருந்து இல்லை மருந்து இல்லைன்னு நான் ஒரு மாசமா கெஞ்சிக்கிட்டிருந்தேன். அறுபத்தொன்பது இங்க தூங்குது" என்று மேஜையை அடித்தவர், பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "வகுப்ப நீங்களேதான் எடுக்கணும். மத்த வட்டாரத்துக்கும்" என்றார். அதிலிருந்து அவள் வகுப்பைப் புளியங்கொட்டையில் ஆரம்பிப்பதில்லை. போனைக் கையில் கொடுத்துச் சுற்றுக்கு விடுவாள். 'இல்லை', பதினொன்று எட்டு. குரல்செய்தி, பதினொன்று நாற்பத்தேழு. "நடுவுல முப்பத்தொம்பது நிமிஷம். அது என்னோடது" என்பாள். அதன்பிறகு கை தூக்கச் சொல்வாள். முதல் கை அவளுடையது. அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும், இரண்டாவது கை எழும்பாமல் போய்விடுமோ என்று அவள் பயப்படுவாள். இதுவரை எழும்பியிருக்கிறது.

ஆனால் பொன்னுத்தாயைப் போய்ப் பார்க்க அவளுக்கு நாலு மாசம் ஆனது. மெமோவைவிட அந்த ஒரு பெண்ணுக்குத்தான் அதிகம் பயந்தாள். மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கிற அறைக்குப் போனாள். பொன்னுத்தாய் கையில் இரண்டு குழாயோடு படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"நீங்கதான் மழையில மருந்து கொண்டாந்தீகளாமே, பெலிக்ஸ் தம்பி சொல்லுச்சு" என்று சிரித்தாள். "உக்காருங்க. ஒங்களால கெடக்கேன் இன்னைக்கு."

இப்படியே எழுந்து போய்விடலாம். வேறு யாரும் சொல்லப்போவதில்லை. செல்வராணி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல இல்லைன்னு சொன்னேன் ஆத்தா. வச்சுக்கிட்டே சொன்னேன். முப்பத்தொம்பது நிமிஷம் கழிச்சுத்தான் குடுத்தேன். அது முன்னாடியே ஏறியிருந்தா இந்த மிஷினு ஒனக்கு வேண்டாமப் போயிருக்கலாம். டாக்டரு உறுதியாச் சொல்ல மாட்டேங்குறாரு. எனக்கு அப்படித்தான் படுது."

பொன்னுத்தாயின் சிரிப்பு போய்விட்டது. ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்த்தாள். செல்வராணி அடிக்கட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"எம் மக நேத்துலேருந்து அதே கரும்புக்குத்தான் போறா" என்றாள் பொன்னுத்தாய். "நான் போற கூலிக்கு அவ போறா. இப்ப எங்க ஊரு ஆசுபத்திரில எத்தன இருக்கு?"

செல்வராணி போனை எடுத்துப் பார்த்தாள். பெலிக்ஸ் காலையில் போட்டிருந்தான். "எட்டு."

"போன்லதான இருக்கு." பொன்னுத்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கும் போன்லதான இல்லைன்னு இருந்துச்சு."

செல்வராணி பெலிக்ஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "தம்பி, அலமாரியத் தொற. ஒண்ணொண்ணா கையில எடுத்து, சத்தமா எண்ணு."

"ஏங்க்கா? காலையிலதான்..."

"எண்ணுப்பா."

சாவி திருகுகிற சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. ஒண்ணு, ரெண்டு என்று அவன் எண்ணினான். ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணாடிக் குப்பி மேஜையில் படுகிற சத்தம். பொன்னுத்தாய் குழாய் இல்லாத கையால் செல்வராணியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அஞ்சு. ஆறு. ஏழு.

அப்புறம் சத்தம் இல்லை. எதையோ தள்ளுகிற மாதிரி இருந்தது. மணிக்கட்டில் பிடி இறுகியது. செல்வராணிக்கு அன்றைக்கு ஸ்கூட்டியில் போனபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

"எட்டு" என்றான் பெலிக்ஸ். "பின்னால தள்ளிப் போயிருந்துச்சுக்கா."

பொன்னுத்தாய் கையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் இப்படி எண்ணச் சொல்லுங்க" என்றாள்.